சுவிஸ் மலை, சுவிஸ் ஏரி... கையில் இருக்கும் மொபைலே போதும்!

சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. விசா வந்தாயிற்று, ஸ்வெட்டர் எடுத்து வைத்தாயிற்று, புளிக்காய்ச்சல் கூடப் பாட்டிலில் ஏறிவிட்டது. அடுத்ததாக வீட்டில் கிளம்பும் பேச்சு, 'புதுசா ஒரு கேமரா வாங்கிடலாமா?' என்பதுதான். வேண்டாம் தோழிகளே! எந்த மலைமேல் எப்போது வெயில் விழும், எந்த ஏரி எப்போது அசையாமல் கிடக்கும் என்று தெரிந்து போனால், கையில் இருக்கும் மொபைலே தாராளம். கேமரா பணத்தில் இன்னும் இரண்டு மலை ஏறி இறங்கலாம். நியூஸிலாந்து, நார்வே என்று வேறு எங்கே போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி உதவும்.

1. மொபைலின் பின்பக்கக் கண்ணாடியில் எப்போதும் விரல் எண்ணெய் இருக்கும். மலைக்காட்சி மங்கலாக வருவதற்கு முதல் காரணம் அதுதான். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவுக்கு நாலு துண்டு வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். டிஷ்யூ பேப்பர் வேண்டாம். கீறும், தூசும் விடும்.

2. கிளம்பும் வாரம் 'குட் மார்னிங்' படங்களையும் ஃபார்வர்டு வீடியோக்களையும் ஒரு பிடி பிடித்து அழித்துவிடுங்கள். மலை உச்சியில் நின்றுகொண்டு 'இடமில்லை' என்ற அறிவிப்பைப் பார்ப்பதைவிட எரிச்சல் வேறில்லை.

3. ட்ரைபாட் வாங்க வேண்டாம், பெட்டியில் எடையும் ஏற்ற வேண்டாம். பாட்டி வைத்திருக்கும் மாதிரி ஒரு காலி சுருக்குப்பை எடுத்துப் போங்கள். ஏரிக்கரையில் கூழாங்கல்லை நிரப்பி, பெஞ்சிலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்து, அதன்மேல் மொபைலைச் சாய்த்து நிறுத்தினால் அசையாது. கிளம்பும்போது கல்லை அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிடலாம்.

4. சுவிஸ் பிளக் பாயின்ட் சுவருக்குள் அறுகோணக் குழியாக இருக்கும். ஒல்லியான இரண்டு முனை சார்ஜர் பெரும்பாலும் உள்ளே போய்விடும். நம் மூன்று முனை பிளக் போகாது. ஆளுக்கொரு அடாப்டர் வாங்குவது வீண்செலவு. ஒரு அடாப்டரும் வீட்டில் இருக்கும் சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் போதும், ஒரே இரவில் குடும்பத்தின் எல்லா மொபைலும் ஏறிவிடும்.

5. பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் வரை வைத்திருந்தால் 100 வாட்-ஹவர் வரம்புக்குள் அடங்கிவிடும்.

6. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் 'ஐரோப்பா பேக்' என்று விற்கிற எல்லா சிம்மும் அங்கே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். நாட்டுப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். வரைபடத்தை ஊரிலேயே வைஃபையில் ஆஃப்லைனாக இறக்கிவைத்தால் டேட்டா மிச்சம்.

7. காசு மிச்சம் பிடிப்பதில் இதுதான் முதல் குறிப்பு. அங்கே மலை உச்சிகளில் நேரலை கேமரா வைத்திருக்கிறார்கள். அந்தந்த மலை ரயில், கேபிள் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பல ஹோட்டல்களில் காலையில் டிவியைப் போட்டாலே ஒவ்வொரு உச்சியாகக் காட்டிக்கொண்டு போவார்கள். கீழே மழை பெய்யும்போது மேலே பளீரென்று வெயில் அடிக்கலாம். கீழே வெயிலாக இருக்கும்போது உச்சி மேகத்துக்குள் இருக்கலாம். பல்லைத் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். யுங்ஃபிராவ்யோஹ் போன்ற இடங்களுக்கான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து வருவானேன்? அதனால்தான் பெரிய மலைக்கு நாள் குறித்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்காமல், ஓரிரு நாள் விட்டுப்பிடியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

8. மொபைலில் திசைகாட்டி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கே பார்த்த முகத்துக்குக் காலை, மேற்கே பார்த்த முகத்துக்கு மாலை, அவ்வளவுதான் கணக்கு.

9. இன்டர்லாகனில் தங்கினால் யுங்ஃபிராவ் மலை (4,158 மீட்டர்) உங்களுக்குத் தெற்கே நிற்கும். நடுப்பகலில் வெயில் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் படம் வெளிறிப்போகும். அந்த நேரத்தைக் கடைத்தெருவுக்குக் கொடுத்துவிட்டு, பிற்பகல் கடந்து வாருங்கள். மேற்கிலிருந்து சாயும் வெயிலில் பனியின் மேடுபள்ளம் தனித்தனியாகத் தெரியும். ஹார்டர் குல்ம் உச்சிக்கு ரயில் ஓடும் மாதங்களில் அங்கே ஏறினால் தூன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளும் மலையும் ஒரே இடத்தில் கிடைக்கும். மாலை ஏறுவதே சரி.

10. மேட்டர்ஹார்ன் இதற்கு நேர் எதிர். செர்மாட் ஊரிலிருந்தும் கோர்னர்கிராட் பக்கத்திலிருந்தும் தெரிவதில் கிழக்கு முகம் முக்கியமானது, அதனால் விடியற்காலைதான் நேரம். சூரியன் எழும்போது முதலில் உச்சி மட்டும் சிவக்கும், பிறகு மெல்ல மெல்ல நிறம் கீழே இறங்கும். ஹோட்டலில் பால்கனி அறை கிடைத்திருந்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டே எடுத்துவிடலாம்!

11. லூசர்ன் ஏரிக்கரையில் நின்று ரிகி மலையைப் பார்க்கிறவர்கள் ஒரே ஒரு படத்தோடு நகர்ந்துவிட வேண்டாம். ஆங்கில ஓவியர் டர்னர் 1842-ல் இதே மலையை ஏரிக்கு இந்தப் பக்கமிருந்து நீலமாக ஒன்று, சிவப்பாக ஒன்று, இருட்டாக ஒன்று என்று வெவ்வேறு நேரங்களில் தீட்டினார். நாமும் ஒரே பெஞ்சைக் குறித்துவைத்துக்கொண்டு காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒவ்வொன்று எடுத்தால் மூன்றும் மூன்று மலை மாதிரி இருக்கும். செலவு சுத்தமாக இல்லை.

12. லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌபாஹ் அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அருவி மேற்குப் பக்கப் பாறையில் இருப்பதால் முற்பகல் வெயில் நேரே விழும்; பிற்பகலில் பாறையின் நிழலே அதை மூடிவிடும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் சாரலில் வானவில்லும் கிடைக்கலாம்.

13. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டிவிடும். டிசம்பரில் 5 மணிக்கு முன்பே இருட்டும். ஆகவே கோடையில் போகிறவர்கள் மாலை 6 மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகக் கரைக்குப் போகலாம். குழந்தைகளும் பசியில் சிணுங்க மாட்டார்கள்.

14. சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், நீங்கள் நில்லுங்கள். பள்ளத்தாக்கு இருண்ட பிறகும் உயரத்துப் பனி சிறிது நேரம் ரோஜா நிறத்தில் இருக்கும். கூட்டமும் கலைந்திருக்கும்.

15. ஆனால் மேலே ஏறியிருந்தால் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மாலை 5 மணியோடு சரி. தவறவிட்டால் மலை இறங்க நடைதான்!

16. தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும் படம்தானே எல்லோருக்கும் வேண்டும்? அதற்குப் பெரிய ஏரியைத் தேட வேண்டாம். தூன், பிரியன்ஸ் போன்ற பெரிய ஏரிகளில் காற்றும் படகும் அலை கிளப்பிக்கொண்டே இருக்கும். உயரத்தில் இருக்கும் குட்டி ஏரிகளில்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். கோர்னர்கிராட் ரயிலில் ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ரிஃபல்சே (2,757 மீட்டர்). மேட்டர்ஹார்ன் முழுசாக அதில் விழும். கிரிண்டல்வால்டில் ஃபர்ஸ்ட் வரை கேபிள் காரில் போய் ஒரு மணி நேரம் போல நடந்தால் பாஹால்ப்சே, அதில் ஷ்ரெக்ஹார்ன் தெரியும். இரண்டுக்கும் முதல் வண்டியைப் பிடியுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பும், நிழல் கலைந்துவிடும்.

17. தண்ணீரில் தெரியும் நிழல் முழுசாக வேண்டுமானால் நின்றுகொண்டு எடுக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து, மொபைலைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸ் தண்ணீர்ப் பக்கம் வருமாறு தாழ்த்திப் பிடியுங்கள். கயிற்றுப் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு செய்தால் பயமில்லை.

18. ஏரியில் அலை அடிக்கிறதா? மழை பெய்து ஓய்ந்த பாதையில் ஒரு சின்னக் குட்டை கிடைத்தால் போதும். மொபைலை அதை ஒட்டி வைத்து எடுத்தால் அரை முழக் குட்டை ஏரி போலவே வரும். பார்ப்பவர்களிடம் நாமாகச் சொன்னால்தான் உண்டு.

19. பிரியன்ஸ் ஏரி பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் தூன் ஏரி அதைவிடத் தெளிவாக இருக்கும். பனியாறுகள் பாறையை அரைத்த மாவு போன்ற தூளை ஆறுகள் முதலில் பிரியன்ஸில் கொண்டுவந்து கொட்டுகின்றன. பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட, வடிந்த நீர்தான் தூனுக்குப் போகிறது. பனி உருகும் கோடையில்தான் இந்த நிறம் தூக்கலாக இருக்கும். ஏரி நிறத்துக்காகவே போகிறவர்கள் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பார்த்துக்கொள்ளலாம்.

20. மலைக்குக் காலை, மாலை என்றால் ஏரி நிறத்துக்கு உச்சி வெயில்! வெயில் நேராக இறங்கும்போதுதான் தண்ணீர் நிறம் துலங்கும், அதுவும் உயரத்திலிருந்து பார்க்கும்போது. கான்டர்ஸ்டெக்கிலிருந்து கேபிள் காரில் ஏறிப் போகும் ஓஷினன் ஏரிக்கு நடுப்பகலில் போங்கள். முடிந்தவர்கள் ஹோய்பெர்க் பாதையில் ஏறி மேலிருந்து எடுங்கள். கரையில் நின்று எடுத்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

21. கேமராக்காரர்கள் போலரைசர் என்று ஒரு கண்ணாடி மாட்டுவார்கள். நாம் போடும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் அதே வேலையைச் செய்யும். லென்ஸுக்கு முன்னால் ஒட்டிப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் தண்ணீரின் பளபளப்பு அடங்கி அடியில் கிடக்கும் கல் தெரியும், வானமும் கறுநீலமாகும். சூரியன் உங்கள் தோளுக்கு நேராக, பக்கவாட்டில் இருக்கும்போதுதான் வானத்துக்கு நன்றாக வேலை செய்யும். தண்ணீரில் மலை நிழல் வேண்டும் என்றால் மட்டும் கழற்றிவிடுங்கள், அதையும் சேர்த்து அழித்துவிடும்.

22. மே மாதம் விலை குறைவு என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க: உயரத்துக் குட்டி ஏரிகள் ஜூன் வரைகூடப் பனிக்கு அடியில் கிடக்கும். நவம்பரில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள். அந்த மாதங்களில் தாழ்வான ஏரிக்கரை ஊர்களோடு திட்டம் போடுங்கள்.

23. மேகமூட்டமா? மலை டிக்கெட்டைத் தொடாமல் அருவிக்கும் காட்டுக்கும் போகும் நாள் அது. பிரியன்ஸ் ஏரியில் படகேறி கீஸ்பாஹ் துறையில் இறங்கினால், 1879-ல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில் மேலே கூட்டிப்போகும். அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். வெயில் இல்லாத வெளிச்சத்தில்தான் அருவி நுரை வெளிறாமல், இலைப் பச்சை பளபளக்காமல் வரும்.

24. அருவி பட்டு நூலாக இறங்குவது போலப் படம் வேண்டுமா? ஐஃபோன் என்றால் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு அதில் 'லாங் எக்ஸ்போஷர்' என்று மாற்றினால் போதும். மற்ற மொபைல்களில், வெளிச்சம் மங்கிய நேரத்தில் ப்ரோ மோடில் ஷட்டரை அரை நொடிக்குக் கொண்டுவந்து, நம் சுருக்குப்பைமேல் வைத்து எடுங்கள்.

25. இலையுதிர்காலத்தில் கீழே ஊரெல்லாம் பனிமூட்டம் என்றால் சோர்ந்து அறையில் உட்கார வேண்டாம். வெப்கேமில் ரிகி (1,798 மீட்டர்) வெளிச்சமாகத் தெரிந்தால் ஓடிப்போய் ரயில் ஏறுங்கள். மேலே போனதும் மூட்டம் காலடியில் கடலாகக் கிடக்கும், மற்ற மலைகள் தீவுகளாக நிற்கும். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ரிகி ரயிலுக்குத் தனிக் காசு கிடையாது என்பது கூடுதல் இனிப்பு.

26. 'நேரில் அவ்வளவு பெரிசா இருந்துச்சு, படத்துல குட்டியா இருக்கே' என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம், முழுக் காட்சியும் வேண்டும் என்று 0.5-ல் எடுப்பதுதான், அது மலையைப் பின்னால் தள்ளிவிடும். நீங்கள் நாலைந்து எட்டு பின்னால் போய், 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து எடுத்துப் பாருங்கள், மலை முன்னால் வந்து நிற்கும். 10 மடங்கு, 30 மடங்கு எல்லாம் விளம்பரத்துக்கு; படம் பொடிப்பொடியாக உடையும்.

27. மலையும் தண்ணீரும் மட்டும் இருந்தால் படம் பிக்சர் போஸ்ட்கார்டு. முன்னால் ஒரு மரப்படகோ, சிவப்பு ஜெரேனியம் பூத்த ஜன்னலோ, வேலியோ, ஈரக் கல்லோ ஒரு ஓரமாக வரட்டும். ஆழம் தெரியும்.

28. தண்ணீர் சாய்ந்து ஒரு பக்கம் வழிந்துவிடும் போன்ற படங்கள் ஆல்பத்தில் நிறையவே இருக்கும். கேமரா செட்டிங்கில் கட்டக்கோட்டைப் போட்டுவையுங்கள். எதிர்க்கரை தூரத்தில் சரிந்து ஓடினால் கரையை நம்பாதீர்கள். ஏதாவது ஒரு கட்டடமும் தண்ணீரில் விழும் அதன் நிழலும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அல்ப்னாஹ்ஸ்டாட்டிலிருந்து பிலாட்டஸ் ஏறும் ரயில் 48 சதவீதம் வரை சரிவில் போகும், உள்ளே நமக்கே எது நேர் என்று குழம்பும். அங்கே மரங்கள்தான் வழிகாட்டி.

29. பனி நிறைந்த காட்சியில் கேமரா, 'அடடா, வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துத் தானாகக் குறைத்துவிடும். பனி அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். திரையைத் தொட்டால் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். பனியின் மேடுபள்ளம் மறையாத அளவுக்கு மட்டும்.

30. பனோரமா எடுக்கும்போது மொபைலை நிறுத்திப் பிடித்துத் திரும்புங்கள். படுக்கவைத்து எடுத்தால் ரிப்பன் மாதிரி ஒல்லியாக வந்து, பிரிண்ட் போடவே முடியாது.

31. உடையிலும் பாதி படம் இருக்கிறது. பச்சைப் புல்லுக்கும் நீல ஏரிக்கும் நடுவே அரக்கு, மஞ்சள், ராணி பிங்க் எடுப்பாக இருக்கும். கறுப்பு ஜெர்கின் போட்டால் ஆளே காணாமல் போய்விடும். புது ஜாக்கெட் வாங்க வேண்டியதில்லை, பழைய சிவப்பு துப்பட்டா ஒன்றைக் குடும்பத்தில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

32. மலையின் உயரம் தெரிய ஆள் சின்னதாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தள்ளி, பாதை வளைவில் நடக்கவிட்டு எடுங்கள்.

33. முகம் கறுத்து, பின்னால் பனி பளிச்சென்று இருக்கிறதா? பகலிலேயே ஃப்ளாஷைப் போட்டு, ஆறேழு அடிக்குள் நின்று எடுங்கள். முகமும் வரும், மலையும் வரும்.

34. முழுக் குடும்பமும் வர வேறு யாரிடமாவது மொபைலைக் கொடுக்கும்போது, நீங்களே முதலில் அந்த இடத்தில் நின்று ஒன்று எடுத்து, 'இதே மாதிரி' என்று காட்டிவிட்டுக் கொடுங்கள். மொழி தேவையில்லை. அந்த நாட்டில் இலங்கைத் தமிழர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ரயில் நிலையத்திலோ உணவகத்திலோ தமிழ் காதில் விழுந்தால் கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள். கூட்டம் வராத நல்ல கரை எது என்று உள்ளூரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

35. கொரியத் தொடர் பார்க்கும் மகள் இருந்தால் பிரியன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் இசல்ட்வால்ட் படகுத்துறைக்குப் போகாமல் விடமாட்டாள். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'வில் வந்த அந்தச் சின்ன மரத்துறையில் ஏற, 2023 முதல் 5 ஃபிராங்க் கட்டணம் வைத்துவிட்டார்கள். அவளை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் கரையில் நடந்தபடியே எடுங்கள். ஏரி ஒன்றுதானே, அதற்குக் காசில்லை.

36. ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது? பெர்னிலிருந்து இன்டர்லாகன் போகும்போது தூன் ஏரி இடப்பக்கம் வரும். லூசர்னிலிருந்து இன்டர்லாகன் போவதென்றால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சார்னன், லுங்கர்ன் ஏரிகள் அங்கேதான். மைரிங்கனில் ரயில் திசை மாறி ஓடத் தொடங்கும்போது சிலர் அவசரமாக இடம் மாறுவார்கள், நீங்கள் அசையாதீர்கள். அதே ஜன்னலில்தான் அடுத்து பிரியன்ஸ் ஏரியும் வரப்போகிறது.

37. பெர்னினா எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடி ஜன்னல் திறக்காது. இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் அதே பனியாற்றைக் காட்டிக்கொண்டு சாதாரண வட்டார ரயிலும் போகிறது. பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம், வழியில் பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறலாம். ஒஸ்பிசியோ பெர்னினா (2,253 மீட்டர்) நிலையத்தில் இறங்குங்கள். பனியாற்று நீரால் பால் கலந்த நிறத்தில் லாகோ பியான்கோ ஏரி அருகிலேயே இருக்கும். டிரானோ நோக்கிப் போகிறவர்களுக்கு வலப்பக்கம். என்னைக் கேட்டால் சாதாரண வண்டிக்குத்தான் ஓட்டு.

38. ஜன்னல் திறக்காத வண்டியில் மொபைலைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்பு சால்வையால் மூடிப் பிடித்தால் உள்ளே எரியும் விளக்கும் நம் முகமும் படத்தில் விழாது. வெளிர்நிறச் சட்டையைத் தவிர்ப்பதும் நல்லது.

39. படகுப் பயணம் சுவிஸ் டிராவல் பாஸிலேயே அடக்கம் என்பதால், கால் வலிக்கும் நாளில் பெரியவர்களோடு படகில் ஏறிவிடுங்கள். முன்தளத்தில் நின்றால் இரண்டு கரையும் கிடைக்கும். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றாதீர்கள், எஞ்சின் நடுக்கம் படத்தில் ஏறிவிடும். உடம்போடு கையை ஒட்டிக்கொண்டு எடுப்பதே மேல்.

40. யுங்ஃபிராவ்யோஹ் 3,454 மீட்டர். கோடையிலும் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும், சில மொபைல் பட்டென்று அணைந்தே போகும். பயப்படாமல் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள், மீண்டும் உயிர் வரும். எடுப்பது, உடனே உள்ளே வைப்பது என்று பழகிக்கொண்டால் பேட்டரி நாள் முழுக்கத் தாங்கும்.

41. குளிரிலிருந்து சூடான உணவகத்துக்குள் நுழையும்போது மொபைலிலும் கேமராவிலும் வியர்க்கும். நுழைவதற்கு முன்பே ஜிப் கவரில் போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். ஊரிலிருந்து பொடி கட்டி வந்த கவரை மட்டும் பயன்படுத்த வேண்டாம், லென்ஸ் மிளகாய்ப்பொடி வாசனை அடிக்கும்!

42. புல்வெளி அழகாக இருக்கிறதே என்று உள்ளே இறங்கிப் படுத்து எடுக்காதீர்கள். அது விவசாயி வெட்டிக் காயவைக்கப்போகும் மாட்டுத் தீவனம். கன்றோடு நிற்கும் பசுவுக்கு அருகே போவது ஆபத்து, நம் ஊர் லட்சுமி மாதிரி நினைத்துத் தடவப்போகாதீர்கள். வேலிக் கம்பியில் லேசான மின்சாரமும் இருக்கும்.

43. ட்ரோன் வேண்டாம். கேமரா வைத்த ட்ரோனுக்குப் பதிவு, தடைப் பகுதி என்று விதிகள் நிறைய. மாமா பையனிடம் கடன் வாங்கி எடுத்துப் போய் அபராதம் கட்டுவதில் லாபமில்லை.

44. ஊர் திரும்பியதும், 'இது எந்த ஏரி?' என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். ஒவ்வொரு இடத்திலும் முதல் படமாக அங்கே நட்டிருக்கும் மஞ்சள் வழிகாட்டிப் பலகையை எடுத்துவிடுங்கள். இடப் பெயர், உயரம், அடுத்த ஊருக்கு எத்தனை நிமிட நடை எல்லாம் அதில் இருக்கும். டைரி எழுதும் வேலை மிச்சம்.

45. வீடியோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு 10 நொடி ஒரே இடத்தில் பிடியுங்கள். மாட்டு மணிச் சத்தம் பதிவாவதைவிட நல்ல நினைவுப் பொருள் கடையில் கிடைக்காது.

46. ரயிலில் உட்காரும் நேரத்தில் ஒரே மாதிரி இருப்பவற்றை அழித்துவிட்டு, இரவு ஹோட்டல் வைஃபையில் மிச்சத்தை ஏற்றிவிடுங்கள். கூகுளில் இலவசம் 15 ஜிபிதான், அது நிரம்பிவிட்டால் டைப்-சி பென் டிரைவ் ஒன்று போதும், மாதச் சந்தா வேண்டாம். வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

47. மொபைல் பார்க்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஆல்பம்தான் சரி. நூற்றுக்கணக்கில் வேண்டாம், நல்லதாக 20 படம் பொறுக்கி, பின்பக்கம் இடப் பெயர் எழுதி வையுங்கள். ஊர் திரும்பிய வாரமே பிரிண்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் தோழிகளே, அடுத்த மாதம் என்று தள்ளினால் தீபாவளி வந்துவிடும்!